பெரிய டாக்டர் வரச்சொன்ன சனிக்கிழமை

காலை எட்டேகாலுக்குப் பெரும்பாக்கத்தில் அம்மாவும் நானும் பேருந்து ஏறினோம். சாதாரணப் பேருந்தில் பெண்களுக்கு இலவசம், அதனால் அம்மாவுக்கு டிக்கெட் கிடையாது. எனக்கு அடையாறு வரை பதினைந்து ரூபாய். எங்கள் பிளாக்கில் எட்டு மாடியிலும் அடையாறுக்கு வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் தலைமை டாக்டர் கூப்பிட்டு, அவர் வீட்டுக் கூடம் வரை போய்வந்தவர்கள் யாரும் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

மூன்று வாரத்துக்கு முன்பு அம்மாவின் கழுத்திலிருந்து ஒரு கட்டியை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை மாலை ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் வந்தது. "பெரிய டாக்டர் உங்கம்மாவ நேர்ல பாக்கணும்னாங்க. நாளைக்குப் பத்து மணிக்கு வந்துடுங்க." ரிசல்ட் என்னவென்று கேட்டேன். "அத ஃபோன்ல சொல்லக் கூடாது சார்."

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். கரண்டு பில்லோ கோர்ட்டு நோட்டீஸோ, எந்தக் காகிதம் வந்தாலும் நான்தான் படித்துச் சொல்வேன். இந்த ஒரு காகிதம் மட்டும் என் கைக்கு வரவில்லை.

அந்த ஆஸ்பத்திரியில் நாலு நாள் படுத்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். நல்ல செய்தியென்றால் சின்ன டாக்டர் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போவார். கெட்ட செய்தியென்றால் பெரிய டாக்டர் வருவார், கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். அம்மா இருந்த வார்டில் இரண்டு முறை அந்த நாற்காலிச் சத்தம் கேட்டது. இரண்டு முறையும் அதற்குப் பின்னால் அழுகை.

சோழிங்கநல்லூர் தாண்டி, கண்ணாடிக் கட்டடங்கள் வரிசையாக வந்தன. அம்மா ஒன்றையும் பார்க்கவில்லை. கழுத்துத் தழும்பை முந்தானையால் மூடியபடியே வந்தாள்.

9.50, அடையாறு. பெரிய டாக்டரின் அறை வாசலில் இருந்த உதவியாளர் எழுந்து நின்றார். "சாரிம்மா, மேடத்த தி.நகர் கிளைக்கு அவசரமா கூப்பிட்டுட்டாங்க. ஒரு ஆபரேஷன். அங்க போய்ப் பாருங்க, இல்லன்னா திங்கக்கிழமை வாங்க."

"திங்கக்கெயம வரைக்கும் இத நெஞ்சுல வச்சிகினு நான் சோறு துன்னணுமா? வா நைனா, போவலாம்" என்று அம்மா முன்னால் நடந்தாள்.

ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டார், நூற்றிருபதுக்கு வந்தார். தூரம் ஆறு கிலோமீட்டருக்குள்தான். இன்னா விஷயம் என்று ஓட்டுநர் கேட்க, பெரிய டாக்டர் கூப்பிட்ட கதையை அம்மா சொன்னாள்.

"எங்க மாமாவயும் இப்டித்தாம்மா பெரிய டாக்டரு கூப்டாரு" என்று ஆரம்பித்தவர், கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"சொல்லுப்பா. உங்க மாமா இப்ப எப்டி கீறாரு?"

"சிக்னல் போட்டான் பாரும்மா" என்றார். சிக்னல் பச்சையாகத்தான் இருந்தது.

கோட்டூர்புரம் பாலத்தில் ஏறியதும் அம்மா ஆற்றைப் பார்த்தாள். எங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்புவதற்கு முன்பு இந்தக் கரையில்தான் குடிசை. அதைப் பற்றி ஏதோ சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். என் காதருகே குனிந்து, "தபாரு, சாமி படத்துக்குப் பின்னால கீற சாவி டூப்பு. பீரோ சாவி கோலமாவு டப்பால கீது. அடியில. தங்கச்சிகிட்ட சொல்லாத" என்றாள்.

இருபத்து நாலு வருஷமாக நானும் தங்கையும் தேடிய சாவி. இன்று கேட்காமலே சொல்லிவிட்டாள்.

10.45, தி.நகர். பெரிய டாக்டர் ஆபரேஷன் தியேட்டரில். பனகல் பார்க் பக்கம் போய் அறுபது ரூபாய்க்கு ஒரு சாம்பார் சாதம் வாங்கினேன். அம்மா இரண்டு வாய்க்கு மேல் எடுக்கவில்லை. திரும்பி வந்தால், வேலை முடிந்து அவர் பின்பக்க லிஃப்ட்டில் போய்விட்டாராம். 2.40க்கு என் கைபேசி அடித்தது. அவரேதான்.

"உங்கள ரொம்ப அலைய விட்டுட்டேன்பா. வீட்டுக்கு வந்துட்டேன். மயிலாப்பூர்தான், வந்துட முடியுமா?"

"மேடம், ரிசல்ட்டு..."

"நேர்ல சொல்றேன்."

வீட்டுக்கே கூப்பிடுகிறார் என்றதும் அம்மா முந்தானையைக் கழுத்தில் இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

லஸ் பக்கம் மெட்ரோவுக்காகத் தோண்டிப்போட்டிருந்ததால் பேருந்து சுற்றிக்கொண்டு போனது. கோயில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. நாலு மணிக்குக் கதவைத் திறந்தவர் டாக்டரின் கணவர். கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவராம். கையில் கரண்டி. "வாங்கோ, வாங்கோ. அடை வார்த்துண்டிருக்கேன். மைதிலி, அவா வந்துட்டா!"

பெரிய டாக்டர் உள்ளேயிருந்து வந்தார். வெள்ளைக் கோட்டு இல்லாமல், காட்டன் புடவையில், ஆள் பாதியாகத் தெரிந்தார். நேரே வந்து, சாப்பாட்டு மேஜையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்தார்.

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். "டாக்டரம்மா, சேர இழுக்காத. நின்னுகினே சொல்லு."

அவர் கை அப்படியே நின்றது. "ஏம்மா?"

"நீ சேர இழுத்து ஒக்காந்தா இன்னா அர்த்தம்னு வார்டுல எல்லாருக்கும் தெரியும்."

நாற்காலியிலிருந்து கையை எடுத்தார். பிறகு நின்றபடியே சொன்னார். "ஐயோ வசந்தாம்மா, ஒண்ணுமே இல்ல. வெறும் கொழுப்புக் கட்டி. கேன்சர் இல்ல. எடுத்தாச்சு, அவ்வளவுதான்."

அம்மா அவரையே பார்த்தாள். கண் நிறைந்தது. ஆனால் வாய் முந்திக்கொண்டது. "பின்ன எதுக்கும்மா என்ன ஊரு பூரா இஸ்துகினு வந்த?"

சமையலறையிலிருந்து சிரிப்புச் சத்தம். "இவ ஃபோன் பண்ணினா எனக்கே பகீர்ங்கறது. ஒங்களுக்குக் கேக்கணுமா!"

டாக்டர் அப்போதுதான் உட்கார்ந்தார். வார்டில் ஒருநாள் ஆறேழு டாக்டர்கள் சுற்றி நின்று இங்கிலீஷில் பேசியபோது, "என் கழுத்தப் பத்திதான பேசிகினு கீறீங்க, என்கிட்ட மட்டும் சொல்ல மாட்டீங்களா?" என்று அம்மா கேட்டாளாம். புதிதாகச் சேர்ந்திருக்கும் டாக்டர்களுக்கு அவர் வகுப்பு எடுக்கிறார். அங்கே வந்து அதே கேள்வியை அம்மா அவர்களிடம் கேட்க வேண்டும். அதற்குத்தான் நேரில் வரச்சொன்னாராம்.

"இன்னும் ஒரு வருஷம்தான் இந்தப் பதவி. புதுக் கட்டடம் கட்டுங்கறாங்க, மெஷின் வாங்குங்கறாங்க. எனக்கு இவங்க பேசக் கத்துக்கிட்டாப் போதும்."

ஃபோனில் சொல்லக் கூடாது என்பதும் அவர் போட்ட விதிதானாம். படித்துக்கொண்டிருந்த காலத்தில், மூத்தவர்கள் நழுவிவிட, ஒரு தகப்பனிடம் குழந்தை இறந்ததை வராந்தாவில் நின்று இவர்தான் சொல்ல வேண்டியிருந்தது. என்ன வார்த்தை சொல்வதென்று தெரியாமல் இங்கிலீஷில் சொன்னாராம். அந்த ஆளுக்குப் புரியவில்லை, தலையாட்டிவிட்டு, "எப்ப வீட்டுக்கு இட்னு போலாம்?" என்று கேட்டாராம். தலைமைக்கு வந்ததும் முதல் வேலையாக, கெட்ட செய்தியை நானே உட்கார்ந்து சொல்வேன், ஃபோனில் யாரும் எதுவும் சொல்லக் கூடாது என்று எழுதிப்போட்டார்.

"நல்லதுன்னு நெனச்சுப் பண்ணினேன். அதுவே இப்படி ஆகும்னு தோணல" என்றார்.

"நல்லதுதாம்மா பண்ண. ஆனா நல்ல சேதிக்கும் ஒரு சேர இழு. அப்பப்ப இழுத்தா யாரும் பயப்பட மாட்டாங்க" என்றாள் அம்மா.

டாக்டர் உடனே அடையாறு உதவியாளருக்கு ஃபோன் போட்டார். "இனிமே நான் வரச்சொன்னேன்னு யாரக் கூப்பிட்டாலும், ரிசல்ட் நல்லதுன்னா மொதல்ல அதச் சொல்லிடு. அப்பறமா நேரம் சொல்லு." பிறகு அந்தக் காகிதத்தை என்னிடம் கொடுத்தார். அரைப் பக்கம்தான். மூன்று முறை படித்தேன். அம்மா மூன்று அடை சாப்பிட்டாள்.

5.45க்கு அடையாறு வந்து பெரும்பாக்கம் பேருந்தைப் பிடித்தோம். அதே சாலை, அதே பதினைந்து ரூபாய். கண்ணாடிக் கட்டடங்களில் வெயில் சாய்ந்து கிடந்தது. அம்மா முந்தானையை இறக்கிவிட்டு, ஜன்னலில் கழுத்தை நீட்டி, மாடிகளை எண்ணிக்கொண்டு வந்தாள். காலையில் நானும் இவற்றைச் சரியாகப் பார்த்திருக்கவில்லை.

சோழிங்கநல்லூர் திரும்பும்போது எண்ணுவதை நிறுத்தினாள். திடீரென்று முகம் மாறியது. பதறிப்போய், "இன்னாம்மா, வலிக்குதா?" என்றேன்.

"வலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. வீட்டுக்குப் போனதும் மொதல்ல அந்தச் சாவிய வேற எடத்துல வைக்கணும். உனுக்குத் தெரிஞ்சி பூட்ச்சே."