இருவரும் சேர்ந்து போட்ட மனு

எழுபதுகளின் கடைசி. விருத்தாசலத்தில் விவாகரத்துக்கென்று வக்கீல் யாரும் இருந்ததாக எனக்குத் தெரியாது. உடன் வேலை பார்த்த டீச்சர் ஒருவர், கோர்ட்டுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த வக்கீலிடம் என்னை அனுப்பினார். வரப்புத் தகராறு, கிணற்றுப் பங்கு இரண்டிலும் அவரை ஜெயிக்க ஆளில்லை என்றார்கள். எனக்கு வரப்பும் இல்லை, கிணறும் இல்லை. இருந்தாலும் போனேன்.

"வூட்டுக்காரரு அடிப்பாராம்மா?" என்று ஆரம்பித்தார் வக்கீல்.

"இல்லைங்க சார்."

"குடிப்பாரா?"

"வெத்தல கூடப் போட மாட்டாரு."

"வேற பொம்பள தொடர்பு?"

"அதுக்கெல்லாம் சிரிச்சிப் பேசத் தெரியணுமே சார்."

வக்கீல் பேனாவை மூடிவிட்டார். இவ்வளவு ஒழுக்கமான மனிதர்மேல் எப்படி வழக்குப் போடுவது என்ற கவலை அவர் முகத்தில் தெரிந்தது.

என் கணவருக்குப் பீங்கான் தொழிற்சாலையில் வேலை. சூளையிலிருந்து வரும் கோப்பைகளைத் தட்டிப் பார்த்து, விரிசல் விட்டதை ஒதுக்கிவைக்க வேண்டும். வீட்டிலும் அதையே செய்தார். என் தோசை, என் கோலம், என் கையெழுத்து, நான் சிரிக்கும் விதம் எதுவுமே தேறவில்லை. ஏழு வருடம் பொறுத்துவிட்டு, திட்டக்குடிப் பள்ளிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு தனியாகப் போய்விட்டேன். அதுவும் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

"அடிச்சாருன்னு எழுதிக்கலாமா?" என்று தயங்கியபடி கேட்டார் வக்கீல்.

"அவரு அடிக்கலைங்களே சார்."

மூலையில் இருந்த குமாஸ்தாதான், இருவரும் சம்மதித்தால் சேர்ந்தே மனுப் போடலாம் என்று புதிதாகச் சட்டம் வந்திருப்பதை நினைவுபடுத்தினார். வக்கீல் புத்தகத்தை எடுத்து இரண்டு முறை படித்தார்.

"ஒரு வருஷம் பிரிஞ்சி இருக்கணும். அது இருக்குது. அவரைக் கூட்டிக்கிட்டு வாங்க டீச்சரம்மா."

அந்தச் சனிக்கிழமை தொழிற்சாலை வாசலில் காத்திருந்து கணவரிடம் விஷயத்தைச் சொன்னேன். சண்டை வரும் என்று நினைத்து, பஸ்ஸிலேயே பதில்களைத் தயார் செய்திருந்தேன். அவர் சட்டைப் பையில் பேனா இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார்.

"எங்க வந்து கையெழுத்துப் போடணும்?" என்றார்.

தயார் செய்ததெல்லாம் வீணாயிற்று. எனக்குச் சற்று வருத்தமாகக்கூட இருந்தது.

வக்கீல் வீட்டில் என் கணவர் மனுவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். மூன்று எழுத்துப் பிழைகளும், கல்யாணத் தேதியில் ஒரு தவறும் கண்டுபிடித்தார். வக்கீல் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஏன் வந்தேன் என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும்.

மனுப் போட்டு ஆறு மாதம் கழித்து மறுபடியும் கோர்ட்டுக்கு வரச் சொன்னார்கள். மத்தியானம் வரை ஒரே பெஞ்சில் காத்திருந்தோம். கல்யாணமான நாட்களில்கூட அவ்வளவு நேரம் சேர்ந்து உட்கார்ந்ததில்லை. அவர் வறுத்த கடலை வாங்கி வந்து, சொத்தையைப் பொறுக்கி எறிந்துவிட்டு, நல்லதை என் பக்கம் நகர்த்தினார்.

"ஒடம்புக்கு ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டார்.

"நல்லாத்தாங்க இருக்கேன்" என்றேன்.

உள்ளே நீதிபதி, முழுச் சம்மதமா என்று என்னிடம் இரண்டு முறை கேட்டார். கல்யாணத்தின்போது ஒருவரும் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. சம்மதம் என்றேன். அவரும் அதையே சொன்னார்.

பஸ் ஸ்டாண்டில் அவர் பழக்கத்தில், "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுத் தானே திகைத்து நின்றார். "சரிங்க, போயிட்டு வாங்க" என்று அனுப்பிவைத்தேன்.

மறு வருடம் வேப்பூர்ப் பெண் ஒருத்தி பள்ளிக்கூடத்துக்கு என்னைத் தேடி வந்தாள். "சட்டத்த நான் பாத்துக்கறேன், மத்தத டீச்சரம்மாகிட்ட கேட்டுக்கோ" என்று வக்கீல் அனுப்பியிருந்தாராம். அவளை உட்காரவைத்து, முதலில் சாப்பிட்டாளா என்று கேட்டேன்.