எதிர்க்கரைப் பொத்தான்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிறவன் நான். ரங்கூனில் பழைய கட்டடங்களை உடைத்து இரும்பு எடுத்துப் பிழைத்தவன், எத்தனையோ பாழடைந்த இடத்தில் தனியாகப் படுத்துத் தூங்கியிருக்கிறேன், ஒரு எலிகூட என்னைப் பயமுறுத்தியதில்லை. நம்பினால் நம்புங்கள், இது நடந்தது பட்டப்பகலில்.

முதலில் என் சகலையைப் பற்றிச் சொல்ல வேண்டும், அவனைச் சொல்லாமல் இது புரியாது. முருகேசன், என் மனைவியின் தங்கை புருஷன். ரங்கூனில் லான்மடா பேட்டையில் எங்கள் மாமனாரின் பழைய இரும்புக் கடையில் நான் பன்னிரண்டு வருஷம் முதுகு ஒடிய உழைத்தேன். அவன் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, மாமனார் கடைக்கு இரும்பு ஏற்றிவரும் மோட்டார் படகைத் தூக்கி அவன் கையில் கொடுத்துவிட்டார். அந்தப் படகு எனக்குத்தான் என்று என் மனைவியிடம் எத்தனை தடவை பெருமையடித்திருப்பேன்! சாப்பாட்டில் மீன் தலைகூட அவன் தட்டுக்குத்தான் போகும். வயிறு எரிந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன்.

தொண்ணூற்றாறோ ஏழோ, ரங்கூனுக்கு அக்கரையில் தன்லியின் என்ற ஊரில், ஆற்றங்கரையில் ஒரு பழைய செங்கல் அறையை உடைக்கும் வேலை வந்தது. நூறு வருஷத்துக்கு முந்தி, மகாராணி காலத்தில் வெள்ளைக்கார ராணுவ எஞ்சினியர்கள் உட்கார்ந்த அறையாம். எதிரிக் கப்பல் துறைமுகத்துக்குள் வராமல் இருக்க ஆற்றுக்கடியில் கண்ணிவெடி போட்டு, கம்பி இழுத்து, கரையிலிருந்தே மின்சாரத்தில் வெடிக்க வைப்பார்களாம். அங்கே காவலுக்கு இருந்த ஊ ட்வே என்ற பர்மாக்காரப் பெரியவர் விளக்கினார். ஒரு ஆள் போதாது, எதிர்க்கரையிலும் இதே மாதிரி ஓர் அறை உண்டு. கப்பல் தன் குறிக்கு நேரே வந்ததும் அங்கே இருப்பவன் பொத்தானை அழுத்திப் பிடிப்பான், பிடித்திருக்கும் வரை இங்கே மணி அடிக்கும். அந்த நேரம் இவன் குறியிலும் கப்பல் இருந்து, இவனும் அழுத்தினால்தான் வெடிக்கும். எதிர்க்கரை அறை கரையோடு சரிந்து ஆற்றுக்குள் போய் எவ்வளவோ காலமாகிவிட்டது. இந்தப் பக்கத்துக் கம்பியை முந்தின வாரம் நானே பிடுங்கி லாரியில் ஏற்றினேன். மிச்சம் இருந்தது ஒரு கல்மேசை, குறிபார்க்க அதில் பதித்த பித்தளைத் துளை, பொத்தான், சுவரில் நாக்கில்லாத ஒரு மணி.

மத்தியான வெயில். இரும்பை ஏற்றிப்போக முருகேசன் படகில் வந்துகொண்டிருந்தான். சும்மா துளையில் கண்ணை வைத்துப் பார்த்தேன். புது லுங்கி, கறுப்புக் கண்ணாடி, எனக்கு வரவேண்டிய படகில் ராஜா மாதிரி நிற்கிறான். என் கட்டைவிரல் பொத்தான் மேல் இருந்தது. படகு குறிக்கு நேரே வந்தது.

மணி அடித்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், நாக்கில்லாத அந்த மணி விடாமல் அடித்தது. பயந்து ஓடியிருக்க வேண்டும் இல்லையா? எனக்குத் தோன்றியதோ ஒன்றே ஒன்று, இவன் போனால் படகு எனக்கு. அழுத்தினேன். விரல் அடிவரை இறங்குவதற்குள் மணி சட்டென்று நின்றுவிட்டது.

ஒன்றும் நடக்கவில்லை. படகு கரைக்கு வந்தது. முருகேசன் இறங்கியதும் கேட்டான்.

"அண்ணே, எதிர்க்கரைச் சேத்துல ஒரு வெள்ளக்காரன் நின்னான், பாத்தீங்களா? இந்த வெயில்ல கழுத்து வரைக்கும் பித்தான் போட்ட கோட்டு. என்னைப் பாத்தான், அப்புறம் இந்த ரூமப் பாத்து ரெண்டு கையையும் மேல தூக்கிக் காட்டினான். யாருக்குண்ணே காட்டினான்?"

"தெரியலப்பா" என்றேன்.

அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது, அண்ணன் முகம் வாடியிருக்கிறது என்று முருகேசன் தன் தட்டிலிருந்த மீன் தலையை எடுத்து எனக்கு வைத்தான். எதிர்க்கரையில் இருந்தவன் யாரோ எவனோ, பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டான். நான் எடுக்கவில்லை.

படகு இன்னும் அவனிடம்தான் இருக்கிறது, என் எரிச்சலும் முழுசாகப் போகவில்லை. ஆற்றில் அவன் வருவதைப் பார்க்கும்போதெல்லாம் என் கட்டைவிரல் தானாக ஒருமுறை அழுந்துகிறது. மணி அடிக்கிறதா என்று காது கொடுத்து நிற்கிறேன்.