டிரான்ஸ்போஸ் பட்டன் இல்லாத பியானோ

ஒன்பது வருடங்கள் கல்யாண வீடுகளில் கீபோர்ட் வாசித்தேன். எந்தப் பாட்டானாலும் என் விரல்கள் சி மேஜர் சுருதியில்தான் போகும். பாடுபவருக்குச் சுருதியைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டுமென்றால் டிரான்ஸ்போஸ் பட்டனை அமுக்குவேன். மிச்சத்தைக் கீபோர்டே பார்த்துக்கொள்ளும். கண்டியில் ஒரு ஹோட்டலில், வெள்ளிக்கிழமைகளில் மாலைத் தேநீர் நேரத்துக்கு வாசிக்கும் வேலை கிடைத்தபோதும் இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

முதல் நாள் போனால் அங்கே இருந்தது பியானோ. பட்டனாவது மண்ணாவது! பாடகி வசந்தி அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். தன் சுருதி "ஈ ஃபிளாட்" என்றார். தெரிந்த சியிலேயே தொடங்கினேன். அவருடைய குரல் அடியில் போய்ச் சிக்கிக்கொண்டது. பாதியில் நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார்.

"சி மட்டும்தான் தெரியும் எண்டு முதலே சொல்லியிருக்கலாமே. இத்தனை பேருக்கு முன்னால என்னை நிப்பாட்டிப் போட்டீர்."

மேனேஜர் சுருக்கமாக முடித்தார்: "அடுத்த வெள்ளிக்கிழமையும் இப்படின்னா வேற ஆள்தான்."

வெட்கத்தைவிடக் கோபம்தான் அதிகம், அதுவும் என்மேல். பிலிமத்தலாவையில் உள்ள வீட்டுக்கு வந்ததும் கீபோர்டின் டிரான்ஸ்போஸ் பட்டன்மேல் பிளாஸ்டர் ஒட்டினேன்.

"என்னா, அதுக்குக் காயமா?" என்று கணவர் சிரித்தார்.

"எனக்குத்தான்" என்றேன்.

கோர்டுகளை, அதாவது ஒன்றாகச் சேர்த்து அமுக்கும் சுரங்களை, பெயராக எழுதாமல் எண்ணாக எழுதினேன். மேஜர் ஸ்கேலின் ஏழு சுரங்களிலும் ஒவ்வொரு கோர்டு கட்டலாம். ஒன்று, நான்கு, ஐந்து மேஜர்; இரண்டு, மூன்று, ஆறு மைனர்; ஏழாவது மட்டும் டிமினிஷ்ட் என்ற தனி வகை. ஈ ஃபிளாட்டிலும் இதே குடும்பம்தான், ஆட்கள்தான் வேறு. ஈ ஃபிளாட்டிலிருந்து சி மைனருக்குப் போக ஒரு விரல் நகர்ந்தால் போதும் என்று கண்டுபிடித்த அன்று அடுப்பில் பருப்பு தீய்ந்தது. தீயட்டும் என்று விட்டேன். பஸ்ஸில் கைப்பையின்மேல் விரல் பழகினேன்.

வெள்ளிக்கிழமை வசந்தி அக்கா பியானோப் பக்கம் குனிந்தார். "இண்டைக்கு டியில வாசிப்பீரோ? தடிமன், மூக்கடைச்சுக் கிடக்கு."

ஒரு கிழமையாகப் பழகிய ஈ ஃபிளாட் போச்சு! ஆனால் தாளில் இருந்தவை எண்கள். ஒன்று டி, நான்கு ஜி, ஐந்து ஏ என்று மனதுக்குள் சொல்லியபடி வாசித்தேன். இரண்டு இடத்தில் பிழை விட்டேன், நிறுத்தவில்லை. கடைசிப் பாட்டில் துணிந்து, நான்காவது கோர்டுக்குப் பதில் கொஞ்சம் சோகமாக ஒலிக்கும் இரண்டாம் மைனரைப் போட்டேன். அக்கா ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு அந்த வரியை நிதானமாக இழுத்துப் பாடினார். அடுத்த வாரமும் வரச் சொன்னார் மேனேஜர்.

"தடிமனுக்குக் கொத்தமல்லி அவிச்சுக் குடிங்கக்கா" என்றேன், புறப்படும்போது.

"தடிமன் ஒண்டும் இல்லை. ஈ ஃபிளாட் எனக்கு எப்பவும் உயரம்தான். முந்தி வாசிச்சவர் இறக்க ஏலாது எண்டிட்டார். ஆறு வருசமாத் தொண்டை நோகப் பாடினன். நீரும் கோவிப்பீரோ எண்டுதான் பொய் சொன்னன்."

தாளை எடுத்து, எண்களுக்கு மேலே "அக்காவுக்கு டி" என்று எழுதி வைத்தேன்.

எல்லாச் சுருதியிலும் கோர்டுகள் பழகுவது எதற்கு என்று என்னிடம் பழக வரும் பிள்ளைகள் கேட்பதுண்டு. வேலையைக் காப்பாற்றிக்கொள்ள என்று நான் சொல்வதில்லை. பாடுகிறவர் தன் சுருதியை நம்மிடம் பொய் சொல்லிக் கேட்க நேரக்கூடாது, அதற்குத்தான்.