ஐந்தடி மூன்றங்குலக் கதவு

சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம். முதலில் கண்ணில் பட்டது கம்பியூட்டர் திரையில் நின்ற சாம்பல் நிற மனிதன். கட்டடத்தின் அளவு புரிவதற்காக அந்த மென்பொருள் தானாகவே நிறுத்தும் ஆறடி உருவம். பக்கத்தில் காலி நகரத்துக் கோட்டை வெளிச்சவீடு. அதன் வாசல் அவன் மூக்குக்குக் கீழேயே முடிந்துவிட்டது.

இது 2008இல். வார நாட்களில் கொழும்பில் பத்திரிகை வேலை. சனிக்கிழமைகளில் எஹலியகொடைக்கு மேலே, ஒரு ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில், புகழ்பெற்ற கட்டடங்களைச் சரியான அளவில் கம்பியூட்டரில் கட்டுவதற்குப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். வெளிச்சவீட்டைக் கட்டியவள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை. தாயும் தகப்பனும் ரப்பர் மரத்தில் பால்வெட்டுகிறவர்கள்; வீடு, தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வரிசையில். இரத்தினபுரிக் கண்காட்சிக்கு அவளுடையதைத்தான் அனுப்புவதாக இருந்தோம். உயரம் ஓரடிக்கு மேல் பிசகினால் எடுக்க மாட்டார்கள். அதைப் பதிந்த குறுவட்டு நாலரை பஸ்ஸில் போக வேண்டும்.

உண்மையான உயரங்களைப் பிள்ளைகளுக்கு நான் சொல்லவில்லை. படத்தில் எத்தனை கதவு உயரம் என்று எண்ணச் சொன்னேன். "கதவு எல்லா இடத்துலயும் ஏறக்குறைய ஒண்ணுதான். உங்க வீட்டுக் கதவ அளந்துட்டு வாங்க." அவள் எண்ணியது சரி: பன்னிரண்டு கதவும் இன்னும் கொஞ்சமும். ஆனால் மொத்த உயரம் அறுபத்தைந்து அடிதான் வந்திருந்தது. உண்மை உயரங்கள் எழுதிய என் தாளில் எண்பத்தேழு.

"உயரம் பத்தலியே," என்றேன்.

பக்கத்து நாற்காலிக்காரி எட்டிப் பார்த்தாள். "அடியே, ஒன் வெளிச்சவீட்டுக்குள்ள கோழிதான்டி போகும்!"

"கோழிக்கு எதுக்குடி வெளிச்சம்?" என்றவள் என்னிடம் திரும்பினாள். "நல்லாத்தான் அளந்தேன் சேர். அஞ்சடி மூணு இஞ்சி. அப்பாவும் கூட நின்னாரு."

"அப்பா எப்படி உள்ள வருவாரு?"

"குனிஞ்சுதான்." திரையைப் பார்த்தாள். சாம்பல் மனிதனை வாசல்வரை நகர்த்தினாள். "இவரும் குனியணும்ல?"

எண்பத்தேழு என்று அடித்தால் ஒரு நொடியில் முடிந்திருக்கும். நான் தாளை எடுத்தேன்.

"சொல்லாதீங்க சேர். வேற கதவு இருக்கு," என்று அளவு நாடாவுடன் ஓடினாள்.

மூன்று நாற்பதுக்குத் திரும்பி வந்தாள். உள்ளங்கையில் பேனாவால் ஏழு என்று எழுதியிருந்தது. "ஆபீஸ் கதவு சேர். ஸ்டூல் மேல ஏறித்தான் அளந்தேன். கிளாக்கர் ஐயா, 'கதவத் திருடவா வந்தே'னு கேட்டாரு."

ஏழடியை வைத்துப் பெருக்கினாள். எண்பத்தாறே முக்கால். என் தாளைக் காட்டினேன். வகுப்பு கைதட்டியது.

வட்டோடு போகும் படிவத்தில், அளவு எடுத்த இடம் என்ற கட்டத்தில் 'தோட்ட ஆபீஸ்' என்று எழுதினாள். நாலரை பஸ் பத்து நிமிடம் பிந்தி வந்தது.

அந்தப் பள்ளிக்கூடத்துக்கு நான் ஏழு மாதமாகப் போய்க்கொண்டிருந்தேன். லயத்து வீடு எதற்குள்ளும் அதுவரை போனதில்லை.