தர்மகுலம் அண்ணை தவறவிடாத காற்று

தர்மகுலம் அண்ணை காலமான செய்தி எனக்கு வட்ஸ்அப்பில் வந்தது. எரிகிற மெழுகுதிரி, பறக்கிற வெள்ளைப் புறா, நடுவில் அவருடைய கடவுச்சீட்டுப் படம். கீழே ‘எமது சமூகத்தின் வானிலை மேதை’ என்று எழுதியிருந்தார்கள். ரொறன்ரோவுக்குப் பக்கத்தில், மிசிசாகாவில் பல் வைத்தியரிடம் காத்திருந்த நான் அதைப் பார்த்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த பெண்மணி எழுந்து வேறு கதிரைக்குப் போனார். அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

உயிரோடிருந்தபோது இந்த மேதைப் பட்டத்தை யாரும் அவருக்குக் கொடுத்ததாக ஞாபகம் இல்லை. விமான நிலையத்துக்கு அருகே ஒரு தனியார் வானிலை நிறுவனத்தில், வடதுருவக் கரைகளுக்குப் போகும் கப்பல்களுக்கும் சிறிய விமானங்களுக்கும் காற்றைக் கணித்துச் சொல்வது அவருடைய வேலை. இரண்டு வயது இளையவளான நான் அவருக்கு மேற்பார்வையாளராக இருந்தேன். நம் ஆட்களுக்கு அவரிடம் கேட்க ஒரேயொரு கேள்விதான் இருந்தது: “அண்ணை, சனிக்கிழமை பார்க்கில ஒன்றுகூடல். மழை வருமோ?” அவருடைய பதிலும் மாறாது: “உதுக்கு நான் ஏன்? உம்மட போனைப் பாரும்.”

செத்தவீட்டில், அந்தக் கேள்வியை வருடம் தவறாமல் கேட்ட எங்கள் ஊர்ச் சங்கத் தலைவரே ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, துருவக் காற்றுகளை அமரர் விரல் நுனியில் வைத்திருந்தார் என்று முழங்கினார். துருவம் எந்தப் பக்கம் என்று கேட்டிருந்தால் தலைவர் கூரையைக் காட்டியிருப்பார். பிறகு குரலைத் தாழ்த்தி, “மனிசன் எண்டால் ஒரு பிழை விடுறதுதானே. அந்தப் பெரிய காத்தைத் தவற விட்டிட்டார் எண்டு சொல்லுவினம். ஆனால் நல்ல மனிசன்” என்று பெருந்தன்மையாக மன்னித்தும் விட்டார். சபை தலையாட்டியது. இரண்டாம் வரிசையில் இருந்த நானும் ஆட்டினேன். அவரை அறிந்த உங்களுக்கு இந்த நினைவு மலரில் இதை எழுதுவது அந்தத் தலையாட்டலுக்காகத்தான்.

அவர் வேலை செய்யும் விதத்தை நாங்கள் கேலி செய்வோம். நாங்கள் கணினி தருகிற இலக்கத்தைப் பார்த்து ஐந்து நிமிடத்தில் அறிக்கை எழுதிவிட்டுக் கோப்பிக்குப் போகிறவர்கள். அவரோ காலையில் வந்ததும் வட அரைக்கோளம் முழுவதுக்குமான வரைபடத்தைத் தாளில் எடுத்து, நீலப் பென்சிலாலும் சிவப்புப் பென்சிலாலும் அரை மணி நேரம் நிறம் தீட்டுவார். அது முடியும்வரை எந்த ஊரின் காற்றையும் பார்க்கமாட்டார். பாலர் வகுப்பு நடக்கிறது என்று நான்தான் முதலில் சொன்னேன். “கரையில அடிக்கிற காத்து கரையில பிறக்கிறேல்லை. நாலு நாளைக்கு முன்னம் எங்கயோ அத்திலாந்திக்கில பிறக்குது. அங்க பாராமல் இஞ்ச மட்டும் பாத்து என்ன பிரயோசனம்?” என்றார்.

அவரைச் சாந்தமானவர் என்று எழுதப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அவர் அப்படியல்ல. முட்டாள்தனத்தை அவரால் சகிக்க முடியாது, சகிப்பதுபோல நடிக்கவும் தெரியாது. “விளங்கேல்லை எண்டு சொன்னால் பத்துத் தரம் சொல்லித் தருவன். விளங்கினமாதிரித் தலையாட்டினால் பிறகு கதைக்கமாட்டன்” என்பார். அலுவலகத்தில் பாதிப்பேரோடு அவர் கதைப்பதில்லை.

இனி அந்தக் காற்று. வடதுருவப் பக்கம், பஃபின் தீவின் கிழக்குக் கரையில் உள்ள ஒரு சிற்றூர். பனிக்கட்டி இல்லாத சில மாதங்களில்தான் அங்கே கப்பல் போகும். துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்க, குளிர்காலம் முழுவதுக்குமான சாமான்களைத் தட்டையான மிதவைகளில் ஏற்றிக் கடற்கரைக்கு இழுத்து இறக்குவார்கள். அடுத்த நாள் இறக்குவதற்கு ஏற்பாடு. அண்ணை கடுங்காற்று எச்சரிக்கை எழுதினார். அந்த நேரம் ஊரில் நல்ல வெயில், கொடி அசையவில்லை. கணினியும் மெல்லிய காற்று என்றே சொன்னது.

அவர் தன் நிறந்தீட்டிய தாளை என் மேசையில் விரித்தார். “கிரீன்லாந்துக்கு மேல பெரிய உயரமுக்கம் ஒண்டு வந்து குந்திட்டுது. லாப்ரடோர்ப் பக்கத்தால தாழமுக்கம் மேல வருது. கிழக்கால ஓட அதுக்கு வழியில்லை, மற்றது மறிக்குது. ரெண்டும் நெருக்க நெருக்க, நடுவில கிடக்கிற கரைதான் நசியப்போகுது. தென்கிழக்குக் காத்து, கடலையும் தூக்கிக்கொண்டு வரும்.”

எனக்கு விளங்கியது. விளங்கவில்லை என்று இன்றுவரை என்னால் பொய் சொல்ல முடியவில்லை. ஆனால் அந்தக் கோடையில் அவர் ஏற்கெனவே இரண்டு தடவை கப்பலை மறித்திருந்தார். முதல் தடவை காற்று வந்தது. இரண்டாம் தடவை வரவில்லை, கப்பல்காரர் என்னைத்தான் தொலைபேசியில் கிழித்தார்கள். “அண்ணை, மூண்டாந்தரமும் மறிச்சால் எங்களை விட்டுட்டுப் போயிடுவாங்கள்” என்றேன். “உமக்குக் காத்துத் தெரியும். ஆனால் பயம் அதைவிடக் கூடத் தெரியும்” என்று சொல்லிவிட்டு, வேலை நேரம் முடிந்து வீட்டுக்குப் போனார். நான் அவருடைய அறிக்கையைத் திறந்து, கடுங்காற்றை அழித்து, மிதமான காற்று என்று மாற்றினேன். எங்கள் வழக்கப்படி அறிக்கையைத் தொடங்கியவரின் பெயர்தான் அடியில் இருக்கும். யார் திருத்தினார்கள் என்பது கணினிக்கு உள்ளே இருக்கும் பதிவில் மட்டும் விழும்.

காற்று அவர் சொன்ன திசையில், அவர் சொன்ன நேரத்துக்கு வந்தது. இரண்டு மிதவைகள் கரையில் அடிபட்டு உடைந்தன. ஒரு ஊரின் குளிர்காலச் சாப்பாடு கடலில் போனது. மிதவைக்கும் பாறைக்கும் நடுவில் அகப்பட்ட தொழிலாளி ஒருவருக்குக் கால் போனது. அவர் மூன்று பிள்ளைகளின் தகப்பன்.

விசாரணைக்கு நிறுவனத்தின் மூன்று பெரியவர்கள் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக வந்தார்கள். அறிக்கையின் அடியைக் காட்டி, இது உங்கள் பெயரா என்று கேட்டார்கள். ஓம், பெயர் என்னுடையதுதான் என்றார் அண்ணை. அதோடு விசாரணை முடிந்தது. கார் நிறுத்துமிடத்தில் அவருக்குப் பின்னால் ஓடினேன். “ஏன் அண்ணை நீங்கள் சொல்லேல்லை?”

“பதிவு உள்ளுக்குக் கிடக்கு. திறந்து பாக்கிறது அவையின்ர வேலை. நான் ஏன் கெஞ்சோணும்? நீர் சொல்லுமன்.”

அந்த மூன்று கழுத்துப்பட்டிகளில் ஒன்றுகூடப் பதிவைத் திறக்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவரை ரொறன்ரோ வீதிகளுக்குப் பனி கணிக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கிருந்தே ஓய்வு பெற்றார். எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. என் மேசையைக் கடக்கும்போதெல்லாம் ஒரு கணம் நின்று, “உள்ளுக்கு இன்னும் கிடக்குதோ?” என்று கேட்பார். மற்றவர்கள் அதை ஏதோ பகிடி என்று நினைத்தார்கள்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதும்படி அவருடைய மகன் கிருபன் கேட்டான். “அப்பாவைப் பற்றி நல்லதா ரெண்டு பக்கம் எழுதித் தாங்கோ அன்ரி. அந்த ஸ்டோர்ம் விசயம் மட்டும் வேண்டாம், ப்ளீஸ். எனக்கு அது எப்பவும் வெக்கம்.” நாற்பது வயது மகன், ரொறன்ரோ பார்க்டேலில் பிறந்து வளர்ந்தவன். தமிழ் பேசுவான், வாசிக்கத் தெரியாது. நான் என்னத்தை எழுதிக் கொடுத்தாலும் அப்படியே அச்சுக்கு அனுப்பியிருப்பான். இதுவரை உள்ளதை றிச்மண்ட் ஹில்லில் அவனுடைய வீட்டு மேசையில் இருந்து நானே சத்தமாக வாசித்தேன்.

அவன் சொன்னான்: “நான் அப்பாட்ட ஒருக்காக் கேட்டனான், எப்பிடி மிஸ் பண்ணினீங்கள் எண்டு. சும்மா சிரிச்சவர். அதுக்குப் பிறகு அவற்ற வேலையைப் பற்றி நான் ஒண்டும் கேட்டதில்லை.” பிறகு, “நீங்கள் எத்தினை தரம் எங்கட வீட்டில சாப்பிட்டிருப்பியள், அன்ரி?” என்றான்.

நான் தாள்களை அவனிடம் நீட்டினேன். வாங்கி அடுக்கினான். “ஒரு சொல்லும் மாத்தாமல் அடிப்பம். உங்கட பேரைப் பெரிசாப் போடுவம்.”

அன்றைய உரையாடலையும் அவனிடம் சொல்லிவிட்டே இங்கே சேர்த்திருக்கிறேன். மலரில் மற்றவர்கள் அண்ணையின் அன்பையும் பண்பையும் தங்களுக்கென்று எடுத்து வைத்துக்கொள்வார்கள். எனக்கு அவர் அப்படி எதையும் தரவில்லை. கடைசிவரை அவர் என்னை இழிவாகவே நினைத்தார், அதை மறைக்கவும் இல்லை. நான் வைத்திருப்பது அந்த ஒன்றைத்தான். என்னைப் பற்றிய கணிப்பிலும் அவர் பிழை விடவில்லை.