மின்னல் கையைக் கட்டிக்கொண்ட காலை

எங்கள் வீட்டுக்கு வரும் பராமரிப்புக்காரப் பெண் ஓர் ஆளைக் குளிப்பாட்டி, உடுத்தி, தலைவாரி உட்காரவைப்பதற்குள் நான் ஒரு தும்மலைக்கூட முடித்திருக்க மாட்டேன். சரி, கூட்டித்தான் சொல்கிறேன். இரண்டு தும்மல் ஆகும். மின்னல் என்று அவளுக்குப் பெயர் வைத்தது நான்தான்.

முன்பு பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடைத்தவள். அங்கே பெல்ட் நிற்காது, கையும் நிற்கக் கூடாது. இப்போதும் ஒரு வீட்டை முடித்த கையோடு அடுத்த வீட்டுக்கு ஓடுவாள்.

பக்கவாதத்தில் என் வீட்டுக்காரரின் இடது கை மக்கர் செய்ததும் மகன் கறாராகச் சொல்லிவிட்டான்: "அப்பா தானா டிரெஸ் பண்ணிக்கணும். இல்லேன்னா மாசக் கடைசியில முதியோர் இல்லம்தான்." மனுஷர் அன்று முழுக்க ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சட்டை போடுவது, பல் துலக்குவது போன்ற அன்றாட வேலைகளைத் திரும்பப் பழக்க ஒரு தெரபிஸ்ட் வந்தார். ஆமைக்கே பொறுமை சொல்லித்தரக்கூடிய பிள்ளை. ஆனால் மின்னல் வருவது காலை, அவர் வருவது மதியம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை. தெரபிஸ்ட் வரும்போது என் வீட்டுக்காரர் கழுத்துவரை பொத்தான் போட்டு மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருப்பார். "பிரமாதம் சார், நல்ல முன்னேற்றம்!" என்பார் அவர். போட்டுவிட்டது மின்னல் என்று சார் சொல்லவே மாட்டார். பாராட்டு யாருக்குக் கசக்கும்?

ஒருநாள் மின்னலுக்குக் காய்ச்சல். அன்று தெரபிஸ்ட் பார்த்தது, சட்டைக் கைக்குள் தலையை நுழைத்துவிட்டுத் தவித்துக்கொண்டிருந்த சாரை. குட்டு உடைந்தது.

மின்னல் திரும்பி வந்த அன்று, அவள் நேரத்துக்கே தெரபிஸ்டும் வந்துவிட்டார்.

"அக்கா, நான் பழக்குறதை எல்லாம் நீங்க கெடுத்துடுறீங்க."

"நல்லா இருக்கே கதை! ஐயாவைப் பாதிச் சட்டையோட விட்டுட்டா போவாங்க? நீங்க ஆடி அசைஞ்சு வரலாம் தம்பி. எனக்கு அடுத்த வீட்ல ஒரு அம்மா படுக்கையில காத்துக்கிட்டிருக்காங்க."

"உங்களுக்கு இங்க எவ்வளவு நேரம் தர்றாங்க?"

அவள் சொன்னதைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. அங்கேயே நின்று அவளை வீடுவீடாக அனுப்பும் நிறுவனத்துக்குப் போன் போட்டு, மன்றாடி, எங்கள் வீட்டுக்கு அரைமணி நேரம் கூட்டி வாங்கினார். அவளும் இறங்கி வந்தாள். "காலையில அந்தக் கை கட்டை மாதிரி இருக்கும் தம்பி, மதியம்தான் இளகும்" என்றாள். முதலில் வெந்நீரில் நனைத்த துண்டால் கைக்கு ஒத்தடம், பிறகு சட்டை என்று அவர் முறையை மாற்றினார். அதன் பிறகு வாரம் ஒருநாள் காலையில் வருவார். மற்ற நாள்களில் இருவரும் போனில் பேசிக்கொள்வார்கள்.

மின்னலின் கைதான் அடங்கவில்லை. என் வீட்டுக்காரர் பொத்தானைத் தடவினாலே பாய்ந்துவிடும். கடைசியில் தெரபிஸ்ட் ஒரு கூடைப் பட்டாணியை அவள் மடியில் வைத்தார். "ஐயா முடிக்கிறவரைக்கும் நீங்க உரிங்க அக்கா." அந்த மாதம் நாங்கள் தின்ற பட்டாணிக்கு உடம்பே பச்சையாகியிருக்க வேண்டும்.

மாசக் கடைசியில் மகன் வந்து கூடத்தில் உட்கார்ந்தான். அறைக்குள்ளிருந்து சத்தமே இல்லை. மின்னலும் கூடத்திலேயே உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டே இருந்தாள். கதவு திறந்தது. தடியை ஊன்றி, சட்டையோடு வந்து நின்றார் என் வீட்டுக்காரர். மகன் எழுந்து போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டான். "இங்கேயே இருங்கப்பா" என்றான். ஒரு பொத்தான்கூடப் பிசகவில்லை.

"பிசகலையா? புளுகாதே!" என்கிறார் அவர், நான் இதை எழுதுவதை என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டே. "நடுவுல ஒரு ஓட்டையைத் தாண்டிப் போட்டிருந்தேன். சட்டை ஒரு பக்கமா ஏறி நின்னுச்சு. மின்னல் பார்த்துட்டா. கை பரபரன்னு துடிச்சுது, ஆனா கூடையை விட்டு எழுந்திருக்கலை. அதையும் எழுது."