நாத்திக அண்ணன்

பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே, நகலெடுக்கும் கடைக்கு மேல்மாடியில் ஒரு அறை. பதினாறு நாற்காலிகள், ஒரு கரும்பலகை, சத்தத்தில் குறை வைக்காத மின்விசிறி. சனிக்கிழமை நாலு மணிக்கு அங்கே கிறிஸ்தவ மாணவர்களுக்குப் பயிற்சி நடக்கும். கூடப் படிக்கிறவர்களிடம் தங்கள் விசுவாசத்தைப் பற்றி எப்படிப் பேச்செடுப்பது, எந்த இடத்தில் நிறுத்துவது, கேட்கிறவர் கடிகாரத்தைப் பார்த்தால் என்ன செய்வது என்பதெல்லாம் பாடம். பதினோரு வருஷமாக அதை நடத்துகிறவரை மாணவர்கள் நாத்திக அண்ணன் என்பார்கள். ஞாயிறு தவறாமல் ஆலயத்தில் இரண்டாவது வரிசையில் உட்காருகிற மனிதர் அவர்.

பெயர் வந்தது ஒத்திகையால். ஒருவர் விசுவாசி, எதிரே ஒருவர் நம்பாதவர். ஆரம்பத்தில் நம்பாதவராகவும் மாணவர்களையே உட்காரவைத்துப் பார்த்தார். இரண்டு நிமிஷத்தில் மனம் திரும்பிவிட்டார்கள். ஒருவன் வணக்கம் சொன்னதுமே திரும்பிவிட்டான். இது சரிப்பட்டு வராது என்று அந்த நாற்காலியில் தானே உட்கார்ந்தார். அதற்குப் பிறகு இடம் மாறவில்லை.

நன்றாகவே செய்தார். கால்மேல் கால் போட்டு ஆட்டிக்கொண்டு, சொல்ல வந்ததைப் பாதியில் வெட்டுவார். "அண்ணனைச் சமாளிச்சுட்டா கேம்பஸ்ல பயப்பட ஆளே இல்லை" என்று பசங்கள் பேசிக்கொண்டார்கள். வீட்டிலும் ஒரு தடவை மறுத்துவிட்டுத்தான் எதையும் ஒத்துக்கொண்டார். "செருப்போட சேர்த்து அந்த நாத்திகனையும் வாசல்ல கழட்டிட்டு வாங்க" என்பாள் மனைவி.

கடைசிக் கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான். "ஒன்பது வயசுப் பையன். காய்ச்சல். சபையே மூணு நாள் முழங்கால்ல நின்னு ஜெபிச்சது. செத்துட்டான். உங்க கடவுள் அப்ப எங்க இருந்தார்?"

பயிற்சிக் கையேட்டில் இதற்கென்று இருப்பது நாலாம் பதில். மாணவர்கள் ஒப்பிப்பார்கள். "அடுத்த ஆள்" என்பார்.

விலங்கியல் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி ஒப்பிக்கவில்லை. "அடுத்த ஆள்" என்றார். அதற்குப் பிறகு இரண்டு சனிக்கிழமை அவளைக் காணோம். மூன்றாம் வாரம் போனில் செய்தி வந்தது. "அண்ணா, உங்க கேள்விக்கு எங்கேயும் பதில் கிடைக்கலை. போதகரும் நாலாம் பதிலைத்தான் சொன்னார். இனிமே பயிற்சிக்கு வரலை. ஆலயத்துக்கும் போகலை. நல்லா சொல்லிக்கொடுத்தீங்க. நன்றி."

மனைவியிடம் காட்டினார். அவள் இரண்டு தடவை படித்தாள்.

"பதினோரு வருஷத்துல ஒரே ஆளை மனசு மாத்தியிருக்கீங்க. அதுவும் அந்தப் பக்கமா."

"என்ன செய்யச் சொல்றே?"

"போய்ப் பேசுங்க."

"என்னன்னு பேசறது?"

"அதைத்தானே ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கறீங்க?"

அவர் யோசித்துப் பார்த்தார். விசுவாசியின் நாற்காலியில் தான் கடைசியாக எப்போது உட்கார்ந்தோம் என்று ஞாபகம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் விலங்கியல் கட்டிடத்துக்குப் பின்னால் இருந்த சிமென்ட் பெஞ்சில் அவளைப் பிடித்தார். மடியில் ரெக்கார்டு நோட்டை வைத்துக் கரப்பான்பூச்சியின் குடலை வரைந்துகொண்டிருந்தாள். நகர்ந்து இடம் விட்டாள். பென்சிலை நிறுத்தவில்லை.

"இன்னைக்கு நல்ல வெயில், இல்லையாம்மா?"

"அது முதல் பாடம், அண்ணா."

அவர் பையை மடியிலிருந்து கீழே வைத்தார். "அது ஒத்திகைக்குக் கேட்ட கேள்விம்மா."

"மத்ததெல்லாம் ஒத்திகை. அதைக் கேக்கும்போது மட்டும் நீங்க காலாட்டறதில்லை."

அவர் நோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அந்தப் பையன் என் தம்பி."

பென்சில் நின்றது.

"அப்ப பதில்?"

"எனக்குத் தெரியாது."

"நாலாம் பதில்னு ஒண்ணு இருக்கே?"

"நான்தான் எழுதினேன். இடம் காலியா இருக்கக் கூடாதுன்னு நம்ம இயக்கத்துத் தலைமை அலுவலகத்துல சொன்னாங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "பதில் தெரியாம எப்படி நம்பறீங்க?"

மூன்று நிமிஷத்துக்குள், ஒரு வேத வசனத்தோடு முடிக்க வேண்டும் என்பது கையேட்டின் விதி. அவருக்கு வசனம் வரவில்லை.

"அவன் போன அடுத்த ஞாயித்துக்கிழமையே அம்மா ஆலயத்துக்குக் கிளம்பிட்டாங்க. பாடலை. முழங்கால் போடலை. கையைக் கட்டிக்கிட்டு நேரா முன்னால முறைச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. நாலு மாசம் அப்படித்தான். எனக்குப் பதிமூணு வயசு. பக்கத்துல இருந்தேன். இல்லாத ஒருத்தர்மேல இவ்வளவு கோபம் வராதுன்னு தோணிச்சு. இப்பவும் அதுதான் தோணுது. என்கிட்ட இருக்கறது அவ்வளவுதான்."

அவள் படத்தில் குடலுக்கு நிழல் போட்டாள்.

"இதை ஏன் அங்க சொல்லலை?"

"யாரும் கேக்கலை. எல்லாரும் பதில் சொன்னாங்க."

மணி அடித்தது. நோட்டை மூடினாள். "சனிக்கிழமை வர மாட்டேன், அண்ணா. ஆலயத்தைப் பத்தியும் இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது."

"சரிம்மா."

"செவ்வாய்க்கிழமைன்னா இந்த நேரத்துக்கு இங்கதான் இருப்பேன். அடுத்த வாரம் தவளை. நீங்க வேணும்னா வாங்க."

அடுத்த வாரம் போனார். அதற்கடுத்த வாரமும். மாத அறிக்கையில் ஒவ்வொரு பெயருக்கும் நேரே இரண்டு கட்டங்கள் உண்டு: தொடர்கிறார், விலகினார். அவள் பெயருக்கு இரண்டிலும் குறி போடாமல் அனுப்பிவைத்தார்.

தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. "அந்தப் பொண்ணு இருக்கா, இல்லையா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

"செவ்வாய்க்கிழமை இருக்கா, ஐயா" என்றார்.